ஜோடிப் பஞ்சமம்

தமிழில் இந்தத் தப்புக்குப் பெயர் கிடையாது. நானே ஒன்று வைத்துக்கொண்டேன்: ஜோடிப் பஞ்சமம். நான் சங்கீதத்தில் ஒரு பட்டம் வாங்க ஒன்பது வருஷம் ஆனதற்குப் பாதிக் காரணம் இந்தத் தப்பு. மீதிப் பாதி சண்டையும் கப்பலும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போன விஷயம். எனக்குப் பாட வராது. சங்கீதத்தில் பட்டம் என்றதும் கல்யாண வீடுகளில் பாயைத் தட்டிப் போட்டு, “ஒரு பாட்டு எடுத்து வுடுங்க” என்பார்கள். நான் படித்தது பாட்டு அல்ல, பாட்டின் இலக்கணம். தியரி. எந்த ஸ்வரத்தின் மேல் எந்த ஸ்வரம் நிற்கலாம், எதிலிருந்து எதற்குப் போகலாம், எங்கே போகக் கூடாது என்கிற படிப்பு. இதை விளக்கிச் சொன்னால், “அப்போ பாடத் தெரியாதா?” என்று ஒரு பார்வை பார்ப்பார்கள். திண்டிவனம் ஸ்டேஷனில் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறவர்கூட என்னை அப்படிப் பார்த்திருக்கிறார்.

திண்டிவனத்தில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் நான் டீச்சர். அதே பள்ளியின் போர்டிங்கில் வளர்ந்து, சென்னைக்குப் போய் பி.ஏ. முடித்துவிட்டு, போன வாசல் வழியாகவே திரும்பி வந்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே மிஷன் கோயிலில் ஆர்கன் வாசிப்பேன். பள்ளியை நடத்தியவர் ஒரு வெள்ளைக்கார மிஷனரி அம்மாள். அவர்களை நாங்கள் மிஸ்ஸியம்மா என்போம். அவர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, கடலுக்கு அந்தப்பக்கம் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது, கையில் ஒரு பட்டம் வைத்திருப்பவர்களை ஊரில் இருந்தபடியே சங்கீதத்தில் மேற்பட்டத்துக்கு எழுத விடுகிறார்கள், நீ எழுது என்றார். அது கிடைத்தால் டீச்சர் ட்ரெயினிங் பள்ளியின் சங்கீத வேலை எனக்கு. அந்த நாற்காலியில் அதுவரை எங்கள் ஜனத்தில் யாரும் உட்கார்ந்ததில்லை.

எங்கள் ஜனம் என்று எதைச் சொல்கிறேன் என்றால்: அப்பா விழுப்புரம் ஜங்ஷனில் லோகோ ஷெட்டில் எஞ்சினுக்குக் கரி ஏற்றுகிறவர். அம்மா வேர்க்கடலை மில்லில், எங்கள் பேச்சில் மல்லாட்டை மில்லில், ஓடு உடைத்துப் பருப்பு பொறுக்குகிறவள். இரண்டு பேரும் கண்டாச்சிபுரம் பக்கத்துக்காரர்கள். அடுத்தவர் நிலத்தில் குனிந்து குனிந்தே காலம் தள்ளிய குடும்பங்கள். என் பள்ளிச் சர்ட்டிபிகேட்டில் ஜாதி என்கிற கட்டத்தில் ‘பஞ்சமர்’ என்று எழுதியிருந்தது. நாலு வருணத்துக்கும் வெளியே ஐந்தாவது என்று அர்த்தம். சர்க்கார் பிற்பாடு அந்தச் சொல்லை மாற்றியது. என் சர்ட்டிபிகேட்டை யாரும் மாற்றவில்லை. பெயருக்குப் பின்னால் நாலு எழுத்து சேர்ந்துவிட்டால் அந்தத் தாளைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். வேறு உயர்ந்த எண்ணம் எதுவும் எனக்குக் கிடையாது. சங்கீதத்தின் மேல் பிரியமா என்று கேட்டால் தெரியாது. எனக்கு அது வந்தது, மற்றவர்களுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

பாடம் தபாலில் வந்தது. ஒரு மெட்டைக் கொடுப்பார்கள். அதற்குக் கீழே இன்னும் மூன்று குரல்களை நான் எழுதிச் சேர்க்க வேண்டும். எழுதி அனுப்பினால் முகம் தெரியாத ஒருவர் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புவார். போய் வர இரண்டு மாதம் ஆகும். கோயில் ஆர்கனைத் தொட்டுப் பார்த்து எழுதலாம் என்றால், ஞாயிறு தவிர மற்ற நாளில் அது பூட்டியே இருக்கும். சாவி, கோயிலைப் பெருக்கித் திறந்து மூடுகிற கோயில்பிள்ளை இடுப்பில். அதனால் தாளிலேயே கேட்கப் பழகிக்கொண்டேன். காலையில் போர்டிங் பெண்கள் கிணற்றடிக்கு வருவதற்கு முன்னால் ஒரு மணி நேரம். சனிக்கிழமை விழுப்புரத்துக்கு வீட்டுக்குப் போகும்போது ரயிலில், மயிலத்திலிருந்து விக்கிரவாண்டி வரைக்கும், மடியில் பலகையை வைத்துக்கொண்டு. அந்த ரயில் ஆடுகிற ஆட்டத்தில் என் ஸ்வரங்கள் எல்லாம் நண்டு போன மாதிரி இருக்கும்.

முதல் கட்டுத் தாள் திரும்பி வந்தபோது ஒரே பக்கத்தில் ஏழு சிவப்புக் கோடு. ஏழுக்குப் பக்கத்திலும் ஒரே குறிப்பு. அதைத்தான் ஜோடிப் பஞ்சமம் என்கிறேன்.

அது என்ன என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஒருவர் ‘ச’ பாடும்போது இன்னொருவர் அதிலிருந்து ஐந்தாவதான ‘ப’ பாடலாம். நல்ல சேர்க்கை அது. தம்புராவை மீட்டினால் அதுதான் கேட்கும். ஆனால் ‘ச’வில் நின்றவர் ‘ரி’க்குக் கிளம்பினால், ‘ப’வில் நின்றவரும் அதே இடைவெளி வைத்துக்கொண்டு கூடவே கிளம்பக் கூடாது. சேர்ந்து நிற்கலாம், சேர்ந்து நடக்கக் கூடாது. நடந்தால் இரண்டு குரல் என்பது போய் ஒரே குரலாகத் தடித்துவிடும் என்று காரணம் சொல்வார்கள். ஹார்மனி படிக்கிறவர்களுக்கு முதல் விதி இது. இதை மீறின தாளை மற்ற எதையும் பார்க்காமல் ஒதுக்கிவிடுவார்கள்.

விதி எனக்குப் புரியாமல் இல்லை. தூங்கும்போது எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எழுதும்போது மட்டும் கண்ணில் படாது. மற்ற தப்புகள் எல்லாம் காலில் முள்ளாகக் குத்தும். இது மட்டும் சொந்த வீட்டில் நடக்கிற மாதிரி இருக்கும். இரண்டாவது கட்டில் ஐந்து. மூன்றாவதில் எட்டு. முகம் தெரியாதவர் கடைசியில் ஒரு வரி எழுதினார்: ‘இதை உங்கள் காது எங்கிருந்து எடுக்கிறது?’

சென்னையில் ஒரு பெரிய ஹாலில் முதல் பரீட்சை நடந்தது. எழுதினவர்கள் மூன்றே பேர். நான், ஒரு ஆங்கிலோ இந்தியப் பெண், ஒரு கன்னியாஸ்திரீ. முடிவு வந்தது. வரலாற்றில் தேறியிருந்தேன், ஹார்மனியில் போய்விட்டது. தாளை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு ஆறாம் வகுப்புக்குப் பூகோளம் எடுக்கப் போனேன். அழுகை வந்தால் பரவாயில்லை என்றுகூட ஒரு நிமிஷம் நின்று பார்த்தேன். வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை வீட்டில் அப்பா கேட்டார். கரி போகத் தேய்த்துக் குளித்துவிட்டு, கேப்பைக் களியை உருட்டிக்கொண்டிருந்தார்.

“இன்னாம்மா தப்பு பண்ண? எங்களுக்குப் புரியற மாதிரி சொல்லேன்.”

“ரெண்டு பஞ்சமம் ஒண்ணா சேர்ந்து ஒரே பக்கமா நடக்கக் கூடாதுப்பா. அதான் ரூல். நான் நடக்க வுட்டுட்டேன்.”

அப்பா களியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

“இதுக்கா சீமையிலேர்ந்து புக்கு வரவழைச்சுப் படிக்கிற? என்னாண்ட கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பனே. எங்க ஊரு மேலத் தெருவுல ரெண்டு பஞ்சமன் இல்ல, ஒத்தப் பஞ்சமன் நடந்தாலே தப்புதான்.”

அம்மாவும் சிரித்தாள். லோகோ ஷெட் முழுக்க அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார் என்று பின்னால் தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம் வந்தது. அந்தச் சொல்லை விட்டு ஓடத்தான் நான் இந்தப் படிப்பில் விழுந்தது. அது எனக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு காத்திருந்தது.

இந்தச் சமயத்தில் எனக்குள் ஒன்று நடந்துகொண்டிருந்தது. என்றைக்கு ஆரம்பித்தது என்று சொல்ல முடியாது. காதில் விழுகிற எதுவும் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றுவிட்டது. ரயில் ஊதினால் எத்தனை ஸ்வர தூரம் என்று பார்ப்பேன். போர்டிங்கில் ஒரு சின்னப் பெண் அழுதால், ஒன்றரை ஸ்வரம் இறங்கி இறங்கி அழுகிறாள் என்று தோன்றும். ஏன் அழுகிறாய் என்று கேட்க மறந்துபோகும். இதை நான் பெருமையாகத்தான் நினைத்தேன். படிப்பு ஊறுகிறது என்று நினைத்தேன். மரத்துப்போன காலில் வலி இருக்காது இல்லையா, அந்த மாதிரி சௌகரியமாகத்தான் இருந்தது.

அடுத்த வருஷம், விளைச்சலைக் கோயிலில் படைத்து ஏலம் விடுகிற அறுப்புப் பண்டிகைக்கு லீவு போட்டுவிட்டு விழுப்புரத்தில் தங்கினேன். ரயில்வே லைனுக்குப் பின்னால் எங்கள் தெருவுக்கென்று ஒரு சின்னக் கோயில் உண்டு. கூரை ஓட்டுக் கூரை, தரை சாணித் தரை. வளவனூரிலிருந்து போதகர் சைக்கிளில் வருவார். ஆர்கன் எதுவும் கிடையாது. பல வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் வாசிக்கிற வேலை இல்லாமல் ஜனங்களோடு ஜனமாக, அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பாட்டு ஆரம்பித்தது. வெள்ளைக்கார மெட்டு ஒன்று. ஞானப்பாட்டுப் புத்தகத்தில் பாதி அப்படித்தான். அந்த மெட்டுகள் உச்சியில் போய் நிற்கும். மில்லில் மல்லாட்டைத் தூசி தின்ற தொண்டைகளுக்கு அது எட்டாது. அம்மா எட்டவும் பார்க்கவில்லை. முதல் வரியிலேயே ஐந்து ஸ்வரம் கீழே இறங்கி, அங்கே தன் பாட்டுக்கு ஒரு பாதை போட்டுக்கொண்டு, மேலே ஆண்கள் போகிற அதே நடையில் கீழே போனாள். மேலே ஏறினால் ஏறினாள், இறங்கினால் இறங்கினாள். ஒரு இடத்திலும் இடைவெளி மாறவில்லை. அம்மாவுடன் மில் வேலை செய்கிற பெண்கள் ஏழெட்டுப் பேர், எல்லாரும் அதே பாதையில். கோயில் முழுக்கத் திம்மென்று கேட்டது. நான் சின்ன வயதில் அம்மா மடியில் உட்கார்ந்து கேட்டதெல்லாம் இதுதான் என்று அப்போது தெரிந்தது. என் காது எங்கிருந்து எடுக்கிறது என்று அந்த மனிதர் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது.

நான் தப்புகளை எண்ண ஆரம்பித்தேன். முதல் சரணத்தில் பதினெட்டு.

கோயில் விட்டு லைனைத் தாண்டி வீட்டுக்கு வரும்போது அம்மாவிடம் சொன்னேன்.

“ம்மா, நீ பாடறது தப்பு.”

“எது, வார்த்தைய மாத்திட்டனா?”

“வார்த்தை இல்ல. நீ கீழ ஒரு பாட்டு பாடுறியே, அது. அதான் ஜோடிப் பஞ்சமம். நான் பெயிலானதே அதாலதான். சின்ன வயசிலேர்ந்து உன்னைக் கேட்டுக் கேட்டு என் காதுல அது ஊறிப்போச்சு. எழுதினா அதுவே வருது.”

அம்மா நடந்துகொண்டே இருந்தாள். கையில் பண்டிகைக்குப் படைத்த வாழைப்பழச் சீப்பு ஒன்று, ஏலத்தில் எடுத்தது.

“நான் பாடறது உன் பரீட்சையில வருதா?”

“வருதே.”

“சாமிக்குப் பாடறது கூடவா தப்பு?”

“யாருக்குப் பாடினாலும் தப்புதான். ரூல் அப்படி.”

“சரிம்மா,” என்றாள். “தெரியாம பாடிக்கினு இருந்துட்டேன்.”

அவள் குரலில் வருத்தம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. ஒரு நோய்க்குக் காரணம் கண்டுபிடித்த டாக்டர் மாதிரி நான் அப்போது நடந்துகொண்டிருந்தேன். மகிழ்ச்சியாக இருந்தேன் என்றே சொல்ல வேண்டும்.

அதற்கப்புறம் தாளில் அந்தத் தப்பு வந்தால் எனக்குத் தெரிந்துவிடும். எழுதி முடித்ததும் அம்மாவின் குரலை நினைத்துக்கொள்வேன். எங்கே அது கேட்கிறதோ அங்கே அழிப்பேன். சிவப்புக் கோடுகள் குறைந்தன, பிறகு இல்லாமல் போயின. முதல் பரீட்சையை மறுபடி எழுதித் தேறினேன். இரண்டாவதில் ஒரே தடவையில். ஒரு சனிக்கிழமை அம்மா தானாகவே சொன்னாள்: “நான் இப்பல்லாம் பாடறது இல்லம்மா. வாய மட்டும் அசைக்கிறேன்.” நல்லது என்றேன். என் ஞாயிற்றுக்கிழமைகள் திண்டிவனம் ஆர்கனுக்கு என்று ஆகிவிட்டதால் அந்தச் சின்னக் கோயிலுக்கு நான் மறுபடி போகவில்லை.

கடைசியாக ஒன்று பாக்கி. சொந்தமாக ஒரு பெரிய உருப்படி எழுதி அனுப்ப வேண்டும்: ஐந்து குரல்கள், கூடவே தந்தி வாத்தியங்கள். பாடிக் காட்ட வேண்டியதில்லை. யாரும் பாடிக் கேட்கவும் போவதில்லை. தாளில் சரியாக இருந்தால் பட்டம். இதற்குள் ஜெர்மனியோடு சண்டை ஆரம்பித்துவிட்டது. கோடு போட்ட சங்கீதத் தாள் சென்னையிலும் கிடைக்கவில்லை. பள்ளி வருகைப் பதிவேட்டின் மிச்சத் தாள்களில் ஸ்கேல் வைத்து நானே ஐந்தைந்து கோடாக இழுத்தேன். ஒன்றரை வருஷம் எழுதி அனுப்பினேன். ஏழு மாதம் கழித்து, அந்தக் கப்பல் போய்ச் சேரவில்லை என்று கடிதம் வந்தது. மிஸ்ஸியம்மா நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். எனக்கு, தாளுக்கு எங்கே போவது என்கிற யோசனைதான் வந்தது. கரடுப் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு முதல் கோட்டிலிருந்து மறுபடி இழுத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் வரலாற்றுப் புத்தகத்தில் அதைப் படித்தேன். பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு அத்தியாயம். ரயிலில் சும்மா புரட்டிக்கொண்டு வந்தபோது, பேரணி ஸ்டேஷனில் வண்டி நின்றிருந்தது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அந்தச் சீமைக் கோயில்களிலேயே இப்படித்தான் பாடினார்களாம். மேலே ஒரு வரி, ஐந்து ஸ்வரம் தள்ளிக் கீழே இன்னொரு வரி, இரண்டும் கடைசிவரை சேர்ந்தே நடக்கும். சாமிக்கு மிகவும் தகுதியான பாட்டு அதுதான் என்று நினைத்தார்களாம். விதியெல்லாம் பிறகு பல நூறு வருஷம் கழித்து வந்தது. உதாரணத்துக்கு இரண்டு வரி அச்சடித்திருந்தார்கள். அம்மா பாடியதுதான்.

இன்றைக்கு வீட்டில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். போனபோது அம்மா முற்றத்தில் சாக்கை விரித்து, மில்லிலிருந்து கொண்டுவந்த மல்லாட்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். லேசாக ஜுரம் என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாயைத் திறந்தால், நான் சொன்னது தப்பு, நீ பாடியது சரி என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவள் மறுபடி பாடுவாள். பாடினால் என் காதில் விழும். உருப்படி இன்னும் முடியவில்லை. பட்டம் வரட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு பிடி மல்லாட்டையை எடுத்து உடைக்க ஆரம்பித்தேன். அம்மா, “வுடு, கை சிவந்துடும், நீ எழுதற கை,” என்று பிடுங்கிக்கொண்டாள்.

மூன்று வாரத்தில் ஜுரம் முற்றிவிட்டது. அப்பா, திண்டிவனம் போகிற வண்டியின் கார்டிடம் சொல்லி அனுப்பினார். கார்டு ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லி, அவர் பள்ளிக்கு ஆள் அனுப்பி, நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அடக்கத்தின்போது ஆண்கள் பாடினார்கள். பெண்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. துக்கம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத் துக்கம் இருந்ததா என்றால், என்னிடம் அது வரவேண்டிய நேரத்தில் வரவில்லை. குழிக்குள் மண் விழுகிற சத்தத்துக்கு ஸ்வரம் கிடையாது என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அதற்காக என்னை யாராவது அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜனங்கள் எல்லாம் ‘டீச்சரம்மா எவ்ளோ தைரியமா இருக்காங்க’ என்றார்கள்.

இரண்டாவது பிரதி போய்ச் சேர்ந்தது. சண்டை முடிகிற சமயத்தில் பட்டம் வந்தது. உருப்படி முழுவதிலும் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை என்று ஒரு வரி தனியாக எழுதியிருந்தார்கள். மிஸ்ஸியம்மா கட்டிப் பிடித்துக்கொண்டார். ட்ரெயினிங் பள்ளி வேலைக்கான கடிதமும் அதே மாதத்தில் வந்துவிட்டது.

விழுப்புரத்தில் எங்கள் தெருக்காரர்கள், கோயிலில் எனக்கு ஒரு மாலை போட்டே ஆகவேண்டும் என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். எனக்காக முன்னால் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். போதகர் பாட்டின் எண்ணைச் சொன்னார். ஆண்கள் பாடினார்கள். பெண்கள் பக்கம் பார்த்தேன். புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, எல்லார் உதடும் அசைகிறது. சத்தம் மட்டும் இல்லை. ஒருத்தியிடமிருந்தும் இல்லை.

ஆராதனை முடிந்து மாலைக்கு ஏற்பாடு நடக்கும்போது, மில்லில் அம்மாவுக்குப் பக்கத்தில் முறத்தோடு உட்கார்ந்து வேலை செய்தவளைத் தேடிப் போனேன். சின்ன வயதில் என்னை ‘வாடி’ என்று தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள். இப்போது எழுந்து நின்றாள்.

“பெரிம்மா, ஏன் யாரும் பாடல?”

“பாடக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க, டீச்சர்.”

“நானா? உங்ககிட்டயா?”

“உங்கம்மாதான் வந்து சொல்லுச்சு. ‘நாம பாடற பாட்டு எம் பொண்ணு காதுல பூந்துக்கினு பரீட்சையில தப்பா வருதாம்டி. அது பாஸாவற வரைக்கும் யாரும் வாயத் தொறக்கக் கூடாது. நான் சாமிக்கு நேந்துக்கினு பொருத்தனை பண்ணிக்கினேன்’னு. எங்க எல்லாரையும் சாமி முன்னால நிக்க வெச்சு ஒத்துக்க வெச்சுது. நீங்க திண்டிவனத்துல இருக்கீங்களே, அங்க எப்படிக் கேக்கும்னு நான்கூடக் கேட்டேன். ‘ரயிலு போவுது இல்ல, அதுல போயிடும்’னுச்சு.”

எத்தனை வருஷம் என்று நான் கேட்கவில்லை. எனக்கே தெரியும்.

“அம்மா சாவுக்குக்கூட நீங்க பாடலையே.”

“எப்படிப் பாடறது? நீங்க அப்போ பாஸாவலையே.” அவள் முகத்தில் ஒரு குறையும் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். “பாத்தீங்களா, பலிச்சுது. நாங்க வாய மூடினது வீண் போவல. ஏன் டீச்சர், இனிமே பாடலாமா? பொருத்தனை முடிஞ்சுது இல்ல?”

அந்த அத்தியாயத்தைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஆயிரம் வருஷத்துப் பாட்டைப் பற்றி. சொன்னால், இவர்கள் மூடியிருந்த அத்தனை ஞாயிற்றுக்கிழமையும், ஒரு அடக்கமும், ஒன்றுமில்லாததற்காக என்று ஆகிவிடும். பேடித்தனம்தான். சொல்லவில்லை.

“பாடுங்க, பெரிம்மா,” என்றேன்.

மாலை போடுவதற்கு முன்னால் இன்னொரு பாட்டு இருந்தது. அவள் பெண்கள் பக்கம் போய் ஒவ்வொருத்தி காதிலும் எதையோ சொன்னாள். பாட்டு ஆரம்பித்ததும் எல்லாரும் வாயைத் திறந்தார்கள். முதல் வரியில் கொஞ்சம் தடுமாறினார்கள். இரண்டாவது வரியில் ஐந்து ஸ்வரம் கீழே இறங்கி அந்தப் பாதையைப் பிடித்துவிட்டார்கள். சாணித் தரை அதிர்கிற மாதிரி வந்தது. அப்பா ஆண்கள் பக்கத்தில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு தோள் குலுங்க அழுதார். போதகர்கூடக் கண்ணைத் துடைத்தார்.

அந்தக் குரல்களுக்கு நடுவில் அம்மாவின் குரல் இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு தேடினேன். குரல் வரவில்லை. அவள் எங்கெங்கே தப்பாகப் பாடினாள் என்பது மட்டும் இடம் பிசகாமல் ஞாபகம் இருந்தது.